சாயங்காலத்து எலிகள்

ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியின் அறைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வியாழக்கிழமை வரை வந்திருந்தேன். வியாழனுக்குப் போட்டேனா இல்லையா என்று இன்னொரு முறை சரிபார்ப்பதற்குள் மணி நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் அடித்தது.

"சார், சவரி பேசறேன். மரக்காணத்துலேர்ந்து. அக்கா போயிட்டாங்க சார்."

என்ன கேட்பது என்று தெரியாமல், "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டேன். ஒருவருடைய தமக்கை இறந்த செய்திக்கு இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சவரிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை.

"நிச்சயம்தான் சார். தொட்டுப் பாத்தேன். மத்தியானம் சாப்ட்டுப் படுத்தாங்க, எழுந்துக்கல. நாளைக்குக் காலையில எடுக்கறோம். வந்துடுங்க."

டாக்டர் பிலோமினாவை உங்களில் பலர் அறிவீர்கள். புதுச்சேரியில் நான் பணிபுரிந்த மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் அவரிடம் படித்திருப்பீர்கள், திட்டு வாங்கியிருப்பீர்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வறையில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. அதனால் பார்த்ததை மட்டும் எழுதலாம் என்று துணிந்தேன். நினைவு பிசகிய இடம் இருந்தால் அறிந்தவர்கள் திருத்த வேண்டும்.

அவர் துறைக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் ஆய்வு ஒரே கேள்வியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. வலிப்புக்கான ஒரு மருந்தைக் கொடுத்தால், அது எவ்வளவு நேரம் வலிப்பைத் தடுத்து நிறுத்தும்? மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. வேலை செய்யும் மருந்தும் ஒரு நேரத்துக்கு மேல் கைவிட்டுவிடும். அந்த நேரம் எது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். வெள்ளை எலிகளுக்குக் காலையில் மருந்து கொடுப்போம். பிறகு சில எலிகளை ஒரு மணி நேரம் கழித்தும், சிலவற்றை மத்தியானத்திலும், சிலவற்றை சாயங்காலத்திலும் சோதிப்போம். காதுகளில் சிறிய கிளிப்புகளை மாட்டி, கண நேரம் மின்சாரம் செலுத்துவோம். மருந்தின் காவல் இல்லாத எலிக்கு வலிப்பு வந்து பின்னங்கால்கள் விறைத்துப் பின்னோக்கி நீளும். காவல் இருந்தால் நீளாது. ஒரு முறை அதிர்ச்சி வாங்கிய எலியை இன்னொரு நேரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. முதல் அதிர்ச்சியே இரண்டாவது பதிலைக் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு நேரத்துக்கும் வேறு எலிகள்; சோதித்தவற்றை அன்றே கொன்றுவிடுவோம்.

"ஒரு எலி ஒரு தடவதான் பதில் சொல்லும்" என்பார் பிலோமினா. "அதனால கேக்கறதுக்கு முன்னாடி கேள்விய யோசிச்சிக்கணும்."

முதல் நாள் அவர் கூண்டறைக்குள் நுழைந்தபோது மாணவர்கள் இருவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு ஒரு எலியை எடுத்தார். அது அடங்கும்வரை வைத்திருந்தார். பிறகு மாணவர்களைப் பார்த்து, "இன்னிக்கு இது சாகப்போவுது. அது தெரியாம சிரிச்சீங்கன்னா பரவால்ல. தெரிஞ்சி சிரிச்சீங்கன்னா வெளிய போய்ச் சிரிங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் நான் சிரிப்பைக் கேட்டதில்லை, அவருடைய சிரிப்பைத் தவிர. அதுவும் பின்னால் சொல்லப்போகும் ஒரே ஒரு நாளில்.

மரக்காணத்தில் உப்பளத்துக் கூலிக் குடும்பம் அவருடையது. பெற்றோர், தம்பி எல்லோரும் பாத்திகளில் இறங்கி உப்பு வாரியவர்கள். பாதிரியார் ஒருவர் உதவியில் படித்து மேலே வந்தவர் அவர். தம்பி சவரிமுத்துவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. இந்த ஆய்வுக்கு அவர் வந்ததற்கு அதுதான் காரணமா என்று ஒரு முறை கேட்டேன். "காரணம் சொன்னா எல்லாரும் அழுவாங்க சார். எனக்கு ரிசல்ட் வேணும், அழுக வேணாம்" என்றார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு வருவது விளங்காது. நான் எதையும் ஒரு முறை செய்து விட்டுவிடுகிறவன் அல்ல. வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பேன். கூட்டங்களில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், தவறு என்னிடம்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொள்வேன். பிலோமினா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் நான் ஆய்வறைக் கதவை மூன்றாம் முறை இழுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒங்க சந்தேகத்துக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க சார். வேல இல்லாம வீட்டுல ஒக்காந்திருந்தா அது பூட்டத்தான் புடிச்சி ஆட்டும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேடிக்கையாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில் நாங்கள் சோதித்தது புதிய மருந்து எதுவும் அல்ல. ஊரெங்கும் நோயாளிகள் தினமும் விழுங்கும் பழைய மாத்திரைதான். காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளை அதைக் கொடுப்பார்கள். காலையிலேயே இரண்டு வேளைக்கானதைச் சேர்த்துக் கொடுத்தால் சாயங்காலம் வரை நிற்குமா என்பது எங்கள் கேள்வி. சவரி விழுங்கியதும் அதே மாத்திரைதான்.

கிளிப்புகளின் உலோக விளிம்பு எலிகளின் காதில் கீறல் உண்டாக்குவதைப் பிலோமினாவால் பொறுக்க முடியவில்லை. மெல்லிய துணியை மடித்து அவரே தைத்து, கிளிப்பின் வாய்க்கு உறைபோலப் போட்டார். மின்சாரம் காதுக்குள் போக வேண்டுமென்றால் அந்த இடம் உப்புநீரில் நனைந்திருக்க வேண்டும். துணி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு எலிக்கும் முக்கி எடுக்க வேண்டியதில்லை என்றார். காலையில் நன்றாக ஊறவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். காதுகளில் கீறல் இல்லை.

இன்னொரு சிக்கனமும் செய்தார். மருந்தே கொடுக்காத எலிகளையும் சோதிப்பது வழக்கம். அதைத்தான் கண்ட்ரோல் என்கிறோம். மருந்து இல்லாத எலிக்கு வலிப்பு வருகிறது என்றால், இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது, மருந்து கொடுத்த எலி தப்பியது மருந்தால்தான் என்று அர்த்தம். அந்த எலிகளைக் காலையில் மட்டும் சோதித்தால் போதும் என்று அவர் முடிவு செய்தார். "காலையில சொன்னதையேதான் சாயங்காலமும் சொல்லப்போவுதுங்க. அதுக்கு இன்னும் கொஞ்சம் உசுரு எதுக்கு?" எனக்கும் அது சரியாகப் பட்டது. துறைத் தலைவருக்கும் சரியாகப் பட்டது.

முடிவுகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தன. மத்தியானத்தில் பெரும்பாலான எலிகளுக்கு வலிப்பு வரவில்லை. சாயங்காலத்தில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. காலையில் கொடுத்த மருந்து பொழுது சாயும்வரை அசையாமல் நின்றது. தலைவர் கூட்டத்தில் எழுந்து நின்று பிலோமினாவைப் பாராட்டினார். கட்டுரை எழுதும் பேச்சு தொடங்கியது.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மருந்தின் காவல் உள்ள எலியும் அதிர்ச்சியை உணரும். பின்னங்கால் நீளாதே தவிர, திகைத்து நிற்கும், முன்னங்கால்களை மடக்கும், முகம் துடிக்கும், கொஞ்ச நேரம் தள்ளாடும். காலை எலிகள் அப்படித்தான் செய்தன. சாயங்காலத்து எலிகள் எதுவுமே செய்யவில்லை. கிளிப்பைக் கழற்றியதும் மீசையைத் துடைத்துக்கொண்டு மூலையில் கிடந்த தீனியைத் தேடிப் போயின. மருந்து அவ்வளவு பலமாக இருக்கிறது என்று முதலில் எண்ணினேன். பிறகு, நேரம் ஆக ஆக மருந்து ஏன் பலம் கூட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் பிறகு, எனக்குத்தான் பார்வை சரியில்லை என்று தோன்றியது.

அன்றைய கடைசி எலியும் மீசையைத் துடைத்துக்கொண்டபோது, அவருக்குக் கேட்டும் கேட்காமலும் சொன்னேன்: "மேடம், நான் தப்பாப் பாத்திருக்கலாம். இதுங்க பதிலே சொல்லலியோன்னு ஒரு சந்தேகம். நாம கேட்டதே காதுல விழலியோ?"

அவர் கிளிப்பைக் கையில் எடுத்தார். நுனிவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, உறைத் துணியில் வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"உப்பு பூத்துப்போச்சு சார்" என்றார்.

கோடைக்காற்றில் துணி உலர்ந்து, உப்பு மட்டும் படிந்து நின்றிருந்தது. காய்ந்த உப்பின் வழியே மின்சாரம் போகாது. இயந்திரத்தின் முகப்பில் நாங்கள் வைத்த அளவு அப்படியே தெரிந்துகொண்டிருக்க, எலியின் காதுக்குள் ஒன்றும் போகவில்லை. அவர் மருந்தே கொடுக்காத ஒரு எலியை எடுத்து வந்து அதே காய்ந்த கிளிப்பை மாட்டினார். அது மீசையைத் துடைத்துக்கொண்டது. துணியை நனைத்துவிட்டு இன்னொன்றுக்கு மாட்டினார். பின்னங்கால்கள் நீண்டன.

அப்போதுதான் அவர் அந்த அறையில் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உப்பளத்துல பொறந்தவ சார் நானு. தண்ணி வத்துனா உப்பு நிக்கும்னு மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும் எங்க ஊர்ல. காதுல சின்னதா ஒரு பாத்தி கட்டிட்டு, வெளைஞ்சிட்டு இருக்கறதப் பாக்காம ஒக்காந்திருக்கேன்." கண்ணில் நீர் வந்துவிட்டது. திடீரென்று சிரிப்பு நின்றது.

"சவரி" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பிடும் நேரத்தில், காலையிலேயே சேர்த்துப் போட்டால் சாயங்காலம் வரை நிற்கிறது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். மத்தியான மாத்திரைதான் சவரியின் பிரச்சினை. அவர்கள் அளத்து மேஸ்திரி, நோயாளிக்குத் தன்னிடம் வேலை இல்லை என்று அடிக்கடி சொல்கிறவர். உப்புத்தண்ணீரில் ஒருவன் குப்புற விழுந்தால் கணுக்காலளவு ஆழம் போதும், யார் பதில் சொல்வது என்று கேட்பாராம். அதனால் சவரி மத்தியானத்தில் மறைந்து மறைந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். அக்கா சொன்னதைக் கேட்டவுடன், "அப்போ காலையிலயே ரெண்டா போட்டுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறான்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"டாக்டர்கிட்ட கேக்கணும்டான்னேன். ஆனா சிரிச்சிக்கிட்டே சொன்னேன் சார். சந்தோஷத்துல இருந்தேன். அவன் சிரிப்பத்தான் கேட்டிருப்பான்."

மரக்காணத்து வீட்டில் தொலைபேசி கிடையாது. கைப்பேசி எல்லோர் கைக்கும் வராத காலம் அது. அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். ராத்திரி மாத்திரையை வீட்டில் போட்டுவிடுவான், இரவு பயமில்லை. விடிந்ததும் இரண்டாகப் போட்டுக்கொண்டு அளத்துக்குப் போவான். மத்தியானத்துக்கு மேல்தான் ஆபத்து. அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"நீங்களும் வாங்க சார்" என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டான். போன வாரம் சொன்னவளும் நான்தானே."

மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனோம். கீழ்புத்துப்பட்டில் வண்டி நின்றுவிட்டது. ஐயனார் கோயிலுக்கு வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஒலி எழுப்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிலோமினா சன்னல் வழியே கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். "எங்கம்மா மொதல்ல இந்தச் சாமிக்கு வேண்டிக்கினாங்க. அப்பறம் மாதாவுக்கு. மாத்திரைக்குக் கடைசியாத்தான் வந்தாங்க. மாத்திரைக்கு வந்தப்பறம் அவன் விழல சார். ஏழெட்டு வருஷமா விழல. இப்ப நான் போய் அதுல கைய வெச்சிருக்கேன்." நான் என் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கையைக் குடையின் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. உப்பளத்தில் நிழல் என்று எதுவும் கிடையாது. பாத்திகளின் வெளிச்சத்தில் கண் கூசியது. கஞ்சி குடிக்கும் நேரம் என்பதால் ஆட்கள் அங்கங்கே வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஒரு குவியலின் ஓரத்தில், முகத்தில் துண்டு மூடி ஒரு ஆள் அசையாமல் கிடந்தான். கால்கள் நீட்டியிருந்தன.

பிலோமினா செருப்பை உதறிவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஒற்றையடி அகல வரப்பில் நான் ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு முகத்துத் துண்டை இழுத்தார்.

"இன்னாக்கா?" என்றான் சவரி, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "தூங்கக்கூட வுட மாட்டியா?"

அவர் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வரப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தனம் என்கிற மூத்த தொழிலாளி சத்தமாகக் கேட்டார்: "இன்னா எலி டாக்டரு, வந்ததும் வராததுமா தம்பியப் போட்டு அடிக்கற? எலிங்களுக்கெல்லாம் லீவு வுட்டுட்டியா?"

"எலிங்க எனக்கு லீவு வுட்டுடுச்சிக்கா" என்றார் பிலோமினா. பிறகு தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாத்திர எப்படிப் போடற?"

அவன் என்னைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான். "காலையில ரெண்டு. ராத்திரி ஒண்ணு. நீதான சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்டா. சாயங்காலம் வரைக்கும் நிக்குதுன்னு சொன்னது தப்பு."

"தப்புன்னா? எலி பொய் சொல்லிச்சா?"

"எலி பொய் சொல்லல. நான்தான் காதுல துணியச் சுத்தி வெச்சிட்டு, பேசலன்னு நெனச்சிட்டேன்." அவர் நடந்ததைச் சொன்னார். துணி, உப்பு, காற்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சவரி கேட்டுக்கொண்டே ஈர மண்ணில் கால் கட்டைவிரலால் கிழித்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் நிக்கும்ன. இந்த வாரம் நிக்காதுங்கற. நான் நாலு நாளா நல்லாத்தான் கீறேன். எதத்தான் நம்பறது?" சட்டென்று என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க. அக்கா மாத்தி மாத்திப் பேசுது. எவ்ளோ நேரம் நிக்கும் எனக்கு?"

அதுவரை யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை நேராகக் கேட்டதில்லை. பிலோமினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை.

"தெரியாது" என்றேன்.

"இன்னா சார்?"

"எலிக்கே எவ்ளோ நேரம் நிக்குதுன்னு இனிமேதான் பாக்கணும். எலி ஒடம்பு வேற, ஒன் ஒடம்பு வேற. ஒனக்கு நிக்கலாம், நிக்காமலும் போவலாம். எப்பக் கைவிடும்னு எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. தெரியாததாலதான் மத்தியானமும் போடணும்." ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது எனக்கே வியப்பாக இருந்தது.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ரெண்டு பேரும் பஸ்ஸு ஏறி வந்தீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவிடம் கையை நீட்டினான். "குடு. மேஸ்திரி பாத்தா நீயே பதில் சொல்லிக்க." இனிமேல் காலையில் ஒன்றுதான், மத்தியானத்தில் ஒன்று, பழையபடி என்று சொல்லி அவர் ஒரு மாத்திரையை அவன் கையில் வைத்தார். அவன் வழக்கம்போல் மறைவு தேடி உப்புக்குவியலின் பின்பக்கம் போகத் திரும்பினான்.

"எங்கடா போற?" என்றார் தனம். "இங்கயே போட்டுக்கினு தண்ணியக் குடி. நாலு நாளா நீ அந்தப் பக்கம் போவலியே, இன்னாத்துக்குன்னு நாங்களே பேசிக்கினு இருந்தோம்."

சவரி நின்றான். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"நல்லா இருக்குதே கத. நீ எழுந்து போவும்போதெல்லாம் நாங்க எல்லாரும் கெழக்கால திரும்பி ஒக்காந்துக்குவோம். வெக்கப்படுவியேன்னு. மேஸ்திரியக்கூட பேச்சுக் குடுத்து அந்தாண்ட திருப்பி வுட்டிருக்கேன் நானு."

அவன் எல்லோருக்கும் எதிரில் மாத்திரையை வாயில் போட்டு, தனம் நீட்டிய சொம்பை அண்ணாந்து குடித்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் பிலோமினா சொன்னார்: "பாத்தீங்களா சார். அவங்களும் துணி சுத்தித்தான் வெச்சிருந்திருக்காங்க. அவன் மாத்திரய விடறான்னு தெரிஞ்சும் கேக்கல. பாவம்னு." பிறகு, "இரக்கத்துக்கும் ஒரு கண்ட்ரோல் வேணும் போல" என்றார்.

திங்கட்கிழமை அவர் துறைக் கூட்டத்தில் எழுந்து, முடிவு தவறு, காரணம் நான், என்று சொன்னார். தலைவர் கூட்டம் முடிந்து அவரைத் தனியே அழைத்து, சத்தமில்லாமல் மறுபடி செய்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாராம். "மரக்காணத்துல எல்லாருக்கும் தெரியும் சார்" என்று பதில் சொன்னதாக என்னிடம் சொன்னார். சோதனையை முதலிலிருந்து செய்தோம். ஒவ்வொரு எலிக்கும் துணியை நனைத்தோம். ஒவ்வொரு நேரத்துக்கும், மருந்து கொடுக்காத எலிகளை அதே நேரத்தில் சோதித்தோம். காலையில் சேர்த்துக் கொடுத்த மருந்து மத்தியானத்துக்கு மேல் தேய்ந்துகொண்டே போனது. சாயங்காலத்தில் எலிகளின் கால்கள் நீண்டன. ஒவ்வொன்று நீளும்போதும் அவர் முகம் சுருங்கும். அதிக எலிகளைச் செலவழிக்கிறோம் என்று ஒரு மாணவி வருந்தியபோது, "முன்னாடி செத்ததுங்க சும்மா செத்துச்சிங்களே, அத நெனச்சிப் பாரு. எலிகிட்ட மன்னிப்புக் கேக்க முடியாதும்மா. கேள்விய ஒழுங்காக் கேக்கத்தான் முடியும்" என்றார். அந்தக் கட்டுரை யாருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. மூன்று வேளை மருந்து மூன்று வேளையாகவே இருக்கட்டும் என்று சொல்லும் கட்டுரைக்கு யார் கைதட்டுவார்கள்?

அடுத்த வாரமே தம்பியை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போய், மாத்திரை வேளைகளை அவரையே முடிவு செய்யச் சொன்னார். தானாக எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரியிடமும் போய்ப் பேசினார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சவரிக்கு வேலை போகவில்லை, தண்ணீர் அருகில் அவன் தனியாக நிற்கக் கூடாது என்ற ஏற்பாடு மட்டும் வந்தது.

அதற்குப் பின் வந்த மாணவர்கள் அவரை "சாயங்காலக் கண்ட்ரோல் மேடம்" என்று அழைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். யார் என்ன முடிவோடு வந்தாலும் முதல் கேள்வி, "அந்த நேரத்துக்கு அந்த நேரத்தோட சாட்சி எங்கப்பா?" என்பதுதான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் காய்ந்த துணியின் கதையைச் சொல்வார். அதில் என் பெயரையும் சேர்த்துவிடுவார். "அடுத்த மேசைல ஒரு சார் இருக்கார், அவர் சந்தேகம் இப்ப நிரந்தர வேலைல இருக்குது" என்பார். மாணவர்கள் கண்ணாடித் தடுப்பு வழியே என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொள்வேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மரக்காணத்துக்கே போய்த் தம்பி குடும்பத்தோடு இருந்தார். பண்டிகை நாட்களில் பேசுவோம். கடைசியாகப் பேசியபோது, "பூட்டு எப்படி சார் இருக்குது?" என்று கேட்டார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். வீட்டு வாசல் கொள்ளாத கூட்டம். அளத்து ஆட்கள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். சவரி இப்போது நரைத்துவிட்ட மனிதர். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையைப் பிடித்துப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"ஒண்ணு கேக்கணும் சார். அக்கா தூக்கத்துலயே போச்சு. கடைசியா வலிச்சிருக்குமா? எல்லாரும் இல்ல இல்லங்கறாங்க. ஃபாதரும் இல்லங்கறாரு, டாக்டரும் இல்லங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல. நீங்க சொல்லுங்க."

"தெரியாது, சவரி" என்றேன்.

அவர் தலையசைத்தார். "நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்."

"மொதல்ல பாத்தது நீதானே. எப்படி இருந்தாங்க? பாத்தத மட்டும் சொல்லு."

அவர் யோசித்தார். "ஒருக்களிச்சிப் படுத்திருந்துச்சி. போர்வ கலையல. கை தொங்கிட்டு இருந்துச்சி, கட்டிலுக்கு வெளிய. வெரலெல்லாம் விரிஞ்சி இருந்துச்சி சார். மடங்கல."

"வலி பெருசா வந்திருந்தா வெரல் மடங்கியிருக்கும்னு நெனைக்கிறேன். போர்வ கலைஞ்சிருக்கும். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா நீ பாத்தது அதத்தான் சொல்லுது."

சவரி முதன்முறையாக அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது உச்சிப்பொழுது. வெயிலில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம். முன்னால், ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோன கிழவி ஒருவர் நின்று திரும்பினார். தனம்தான்.

"டேய் சவரி. மாத்திர போட்டியா?"

சவரி சட்டைப் பையைத் தடவினார். கூட்டம் நின்றது. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்கள். ஒருவரும் வேறு பக்கம் திரும்பவில்லை.

பயந்து சொல்லும் "தெரியாது" ஒன்று உண்டு. என் வாழ்நாளில் பெரும்பகுதி அதைத்தான் சொல்லிவந்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, பார்த்த அளவைச் சொல்லி, மீதியைத் தெரியாது என்று சொல்வது வேறு. அதைப் பிலோமினாதான் எனக்குக் கொடுத்தார். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவதுதான். அன்று வீட்டுக்குத் திரும்பி, பாதியில் விட்ட மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். வியாழக்கிழமை அறையில் விரலை விட்டுப் பார்த்தேன். இருந்தது. மூடிவிட்டேன்.